வீடியோவில் எழுத முடியாத மாத்திரை

செப்டம்பர் 8, திங்கள்

விடியலில் தூறல். மல்பெரி இலை முழுக்க நனைந்து கிடக்கிறது. ஈர இலையைப் பட்டுப்புழுவுக்குப் போடக் கூடாது, நோய் வந்துவிடும். அப்பா வாசலில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், வருகிறேன் என்று சொன்ன யாரோ வராத மாதிரி.

இளம்புழு நேற்றே வந்தாயிற்று. தட்டு தட்டாகச் சாம்பல் நிறத்தில். கிட்டப் போனால்தான் அசைவது தெரியும்.

பெங்களூர் மருத்துவமனையிலிருந்து போனில் செய்தி. மூன்று முறை படித்தேன், மூன்று முறையும் பாதியில் எங்கோ போய்விட்டேன். நான்காவது முறை வரி வரியாக விரல் வைத்துப் படித்தேன். இனிமேல் காலை மாத்திரைக்கு வீடியோவில் பார்த்துச் சீட்டு எழுத மாட்டார்கள். மாதம் ஒரு முறை நேரில் வர வேண்டும்.

போன வருஷம் ஒரே ஒரு தடவை நேரில் போனது. டாக்டர் மேடம் இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டுவிட்டு ஏ.டி.எச்.டி. என்றார், கவனக் குறைபாடு. மிகை இயக்கம் என்று அதில் ஒரு வார்த்தை உண்டு. நான் எங்கே இயங்கினேன்? உட்கார்ந்த இடத்திலேயே காணாமல் போவேன், அவ்வளவுதான். அதிலும் அந்த வகை உண்டாம். பெண் பிள்ளைகளிடம் அதிகம் கண்ணில் படாதாம்.

அதற்கப்புறம் எல்லாம் வீடியோதான். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால், மல்பெரிச் செடிகளுக்கு நடுவில். சிக்னல் அங்கேதான் வரும், ஊர்க்காரர்கள் வரமாட்டார்கள். சீட்டு கூரியரில் வரும்.

இதை எழுதச் சொன்னதும் டாக்டர் மேடம்தான். "யாருக்கும் காட்ட வேணாம். தேதி போட்டு உனக்காக எழுது." சரி.

டப்பாவில் பதின்மூன்று.


செப்டம்பர் 9, செவ்வாய்

மாத்திரை போட்டேன். (இனி "மா." என்று எழுதினால் போதும்.)

கல்லூரி விட்டு வரும்போது தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மருந்துக் கடை. பழைய சீட்டை போனில் காட்டினேன். கடைக்காரர் நல்ல மனிதர், மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுக்குக் கையெழுத்து போட்ட சீட்டு வேணும் பாப்பா. ரிஜிஸ்டர்ல ஏத்தணும். தூக்க மாத்திரை மாதிரிதான் இதுவும், தனிப் பட்டியல். போன்ல காட்டறதெல்லாம் செல்லாதுங்க."

"போன மாசம் வரைக்கும் குடுத்தீங்களே."

"போன மாசம் சீட்டு வந்துச்சு. இப்ப சீட்டே வரலயே."

அது சரிதான்.

மருத்துவமனைக்கு போன் போட்டேன். முதலில் கிடைப்பது 26ஆம் தேதி, பகல் பன்னிரண்டு மணி. கல்லூரி நாளில் மட்டும் மா. போட்டால் 25 வரை வரும். சனி ஞாயிறு கிடையாது.

மறக்கக் கூடாதவை:
இயற்பியல் ரெக்கார்டு
குடை (எந்த பஸ்ஸில் விட்டேன்?)
25 இன்டர்னல் தேர்வு
26 பெங்களூர்
அம்மாவிடம் சொல்வது


செப்டம்பர் 10, புதன்

அம்மாவிடம் சொன்னேன். இலை நறுக்கிக்கொண்டிருந்தாள், கத்தி நிற்கவில்லை.

"வூட்லயே உக்காந்து போன்ல பேசினா போதும்னாங்களே. இப்ப என்னாத்துக்கு நேர்ல?"

"சட்டம் அப்படியாம்மா."

"நேத்து வரைக்கும் இல்லாத சட்டமா?"

சட்டம் முன்பே இருந்ததாம், கண்டிப்பாக்கியதுதான் இப்போது. இதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டிருந்தபோது இலைக் கூடையில் ஒரு நத்தை. ஓட்டின் ஓரம் மட்டும் ஊதா. நத்தையைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்து பார்த்தால் அம்மா அங்கே இல்லை.


செப்டம்பர் 13, சனி

மா. இல்லை. மழையும் இல்லை.

மா. இல்லாத நாளை டாக்டர் மேடத்திடம் சொல்ல எப்போதும் வார்த்தை வராது. வலி இல்லை, துக்கம் இல்லை. நன்றாகக்கூட இருக்கும். எல்லாம் மெதுவாக, தண்ணீருக்கு அடியில் இருந்து பார்ப்பதுபோல. பல் தேய்க்கப் போவேன், வாளியில் வானம் தெரியும், வானத்தில் ஒரு கொக்கு போகும், கொக்கு எங்கே தூங்கும் என்று நினைப்பேன். அம்மா வந்து தோளைத் தொடும்போது வெயில் முற்றத்தின் பாதிக்கு வந்திருக்கும்.

அந்த இடம் எனக்குப் பிடிக்கும். அதுதான் சிக்கல். திரும்பி வரும் வழிதான் என் கையில் இல்லை. மா. போட்டால் அந்த இடம் காணாமல் போவதில்லை. கதவு வைத்த மாதிரி ஆகிறது, நான் திறந்தால் திறக்கிறது.

இன்று எழுதி முடிக்காத ரெக்கார்டு பக்கங்கள்: எல்லாம்.


செப்டம்பர் 17, புதன்

மா. போட்டேன். லேபில் அலைநீளம் கண்டுபிடிக்கும் சோதனை. அளவுகள் சரியாக வந்தன. பாதரச விளக்கின் பச்சைக் கோடு. அதை மட்டும் பார்த்தேன், பார்த்துவிட்டு எழுதினேன், எழுதிவிட்டு அடுத்தது. இப்படி ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வதை மற்றவர்கள் மாத்திரை இல்லாமலே செய்கிறார்கள் என்பது இன்னும் ஆச்சரியம்.

இரண்டாம் வருஷம் மூன்று அரியர். மா. தொடங்கியபின் மூன்றும் எழுதி முடித்தேன். இது கடைசி வருஷம்.

பஸ்ஸில் பின் சீட்டில்: "அவன் போனதுல இருந்து அந்த நாய் சாப்பிடறதே இல்லங்க." யார் போனது, எங்கே. மொரப்பூர் வரை அந்த நாயை நினைத்துக்கொண்டே வந்தேன்.


செப்டம்பர் 20, சனி

மா. இல்லை.

புழு கடைசிப் பருவம். விரல் பருமன் ஆகிவிட்டது. புழு மனைக்குள் நின்றால் இலை தின்னும் சத்தம், ஓட்டின் மேல் சன்ன மழை விழுவது மாதிரி. வெளியே வந்து பார்த்தால் காய்ந்த வெயில். மறுபடி உள்ளே போனால் மழை. நான் நாலைந்து முறை போய் வந்தேன்.

அப்பா கணக்குச் சொன்னார்: 25 இல்லாவிட்டால் 26, புழு கூடு கட்ட ஏறும். அன்றைக்குப் பழுத்த புழுவை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சந்திரிகையில் விட வேண்டும். சந்திரிகை என்றால் வட்டமான மூங்கில் தட்டி, அதன் மடிப்பில் கூடு கட்டும். நேரம் தப்பினால் புழு கண்ட இடத்தில் நூலைக் கக்கிவிடும். வீட்டில் எல்லாக் கையும் வேண்டும்.

"பெங்களூருக்கு யார் கூட்டிக்கிட்டுப் போறது?" என்று அம்மா.

"நானே போறேன்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரில் காலண்டரைப் பார்த்தேன்.

"தேதிய மாத்திக் கேட்டுப் பாரு கண்ணு."

கேட்டேன். அடுத்தது அக்டோபர் நடுவில். அதுவரை மா. இல்லாமல் கல்லூரியா? போறேன் என்று சொல்லிவிட்டேன்.

தருமபுரியிலேயே பெரிய ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அப்பா மெதுவாக அதைச் சொன்னார். அம்மா கையை உதறினாள்.

"அங்க வரிசையில நின்னா பாதி ஊரு பாக்கும். பொம்பளப் புள்ள. நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவங்ககிட்ட எவளாச்சும் சொல்லிட்டான்னா?"

எனக்கும் அந்த வரிசை பயம். வீடியோவில் யாருக்கும் தெரியாது, பெங்களூரில் யாரும் தெரியாது.


செப்டம்பர் 25, வியாழன்

கடைசி மா. தேர்வு நன்றாக எழுதினேன். ஒன்றை நாளைக்கு என்று மிச்சம் பிடிக்க நினைத்திருந்தேன். நினைத்ததோடு சரி.

பை: பழைய ஃபைல், ஆதார், தண்ணீர், எலுமிச்சை சாதம், சார்ஜர். தூரத்துப் பஸ் என்றால் எனக்கு வாந்தி, அதனால் ரயில். மொரப்பூரில் ஏறி ஜோலார்பேட்டையில் இறங்கி பெங்களூர் வண்டி மாற வேண்டும். ஒரே ஒரு இடத்தில் மாறுவது. போனில் ஏழரைக்கு அலாரம். கையிலும் பேனாவால் எழுதிக்கொண்டேன்: ஜோலார்.

புழுக்கள் மஞ்சள் பூசின மாதிரி மினுங்குகின்றன, தலையைத் தூக்கி எதையோ தேடுகின்றன. நாளைக்குத்தான் என்கிறார் அப்பா.


செப்டம்பர் 26, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்பா வண்டியில் ஸ்டேஷன் வரை கொண்டுவந்து விட்டார். ஜன்னலோர இடம் பார்த்து உட்கார வைத்தார். "இறங்கினதும் போன் பண்ணு." அவருக்கு ஓட வேண்டும், புழு காத்திருக்கிறது. வண்டி நகர்ந்தபோது பிளாட்பாரத்தில் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

ரயில் தாமதம். அலாரம் திருப்பத்தூருக்கு முன்பே அடித்துவிட்டது, அணைத்தேன். திருப்பத்தூரில் முழு விழிப்பு. தலையை வாரிக்கொண்டேன், பையை மடியில் வைத்துக்கொண்டேன். அடுத்தது இறங்க வேண்டும்.

வலப்பக்கம் ஏலகிரி. மலை மேல் ஒரு மேகம் வயிறு படப் படுத்திருந்தது. அவ்வளவு தண்ணீர் எப்படி மேலேயே நிற்கிறது, எத்தனை கிலோ இருக்கும் என்று தோன்றியது. துளியின் அளவு தெரிந்தால் கணக்குப் போடலாம். துளி எவ்வளவு சிறியது. அது விழாமல் விழுந்துகொண்டே இருக்கிறது. கீழிருந்து காற்று தாங்குகிறது. நான் அந்தத் துளியாக இருந்தால் ஏலகிரியில் எந்த வீட்டு ஓட்டில் விழுவேன். ஓடு இன்னும் சூடாக இருக்கும். உள்ளே யாரோ காப்பி போடுவார்கள்.

எதிர் சீட்டு அம்மா வெள்ளரிக்காய் நீட்டினார். "எங்க இறங்கணும் கண்ணு?"

"ஜோலார்பேட்டைங்க."

அவர் கை அப்படியே நின்றது. "அது போயிடுச்சே. வண்டி பத்து நிமிசம் நின்னுச்சே அங்க. நீ பாத்துக்கிட்டுதான இருந்த?"

பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். பெயர்ப் பலகை என் ஜன்னலுக்கு நேராக இருந்ததாம்.

வாணியம்பாடியில் இறங்கினேன். கையில் பேனா எழுத்து வியர்வையில் பாதி அழிந்து "லார்" என்று. பெங்களூர் வண்டி போய்விட்டது, அடுத்ததைப் பிடித்தாலும் பன்னிரண்டுக்குப் போக முடியாது. மருத்துவமனைக்கு போன் செய்தேன். வரவேற்பில் இருந்த பெண் நல்லபடியாகத்தான் பேசினாள். நேரில் வராவிட்டால் சீட்டு இல்லை, அடுத்த தேதி தருகிறேன் என்றாள். நான் டாக்டரிடம் ஒரு நிமிஷம் பேச வேண்டும் என்றேன். எப்படிக் கேட்டேனோ, அவள் குரல் மாறியது. "பேசறதுக்கு வீடியோ இருக்கு. ரெண்டு மணிக்குப் போடறேன்."

ஜோலார்பேட்டைக்குத் திரும்பி வந்தேன். இந்த முறை கதவருகிலேயே நின்றேன், உட்காரவே இல்லை.

இரண்டு மணி, மூன்றாவது பிளாட்பாரம், தூணுக்குப் பின்னால் ஒரு பெஞ்ச். டாக்டர் மேடம் திரையில் வந்தார், பின்னால் அதே பச்சைத் திரைச்சீலை.

"எங்க இருக்க கீர்த்தனா?"

"ஜோலார்பேட்டை மேடம். ஸ்டேஷன தாண்டிப் போயிட்டேன்."

இவ்வளவு நாள் சொல்லாத மாதிரி சொன்னேன். கவனம் இல்லாதவளைக் கவனமாக இரண்டு ரயில் மாறி வரச் சொல்கிறீர்கள், அப்போதுதான் கவனத்துக்கு மருந்து தருவீர்களா என்றேன். கூட்ஸ் வண்டி ஒன்று வந்து முழுசாகக் கடந்துபோகும்வரை இருவரும் பேச முடியவில்லை. அவர் காத்திருந்தார். அது எனக்குப் பிடித்தது.

அப்புறம் சொன்னார்: "பரீட்சை சமயத்துல சிலபேர் வீடியோல பொய் சொல்லி இத வாங்கி விக்கறாங்கம்மா. அதுக்குத்தான் கட்டுப்பாடு. தப்புன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா அதுல மாட்டிக்கறது உன்ன மாதிரி தூரத்துல இருக்கறவங்க. அதையும் நான் மேலிடத்துக்கு எழுதிக் குடுத்திருக்கேன். மாறுமான்னு தெரியாது."

வீடியோவில் எழுதக்கூடிய வேறு மாத்திரை ஒன்று இருக்கிறதாம். ஆனால் அது பிடிக்கப் பல வாரம் ஆகும், எனக்குச் சேருமா என்றும் பார்க்க வேண்டும்.

"தருமபுரியிலயே மனநல டாக்டர் இருக்காங்க. நேர்ல பாக்கணும்னா பக்கத்துல பாக்கலாமே. நான் எல்லாம் எழுதிக் கடிதம் அனுப்பறேன். ஏன் இத்தன நாள் போகல?"

"ஊர்ல பாத்துடுவாங்க மேடம்."

"பாக்கட்டுமே" என்று அவர் சொல்லவில்லை. "அது கஷ்டம்தான்" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்கிற நேரம். அப்பாவும் அம்மாவும் புழு மனையில், கை ஓயாமல். நான் கால் கழுவிவிட்டு நேராகப் போய் புழு பொறுக்க உட்கார்ந்தேன். விரலுக்கிடையில் குளிர்ச்சியாக, கனமில்லாமல். பொறுக்கிக்கொண்டே எல்லாம் சொன்னேன். மேகத்தையும் சொன்னேன். அப்பா "போனாப் போவுது, பத்திரமா வந்தியே" என்றார்.

அம்மா மட்டும் ஒன்று கேட்டாள். "அந்த நேரத்துல கூப்ட்டா காதுல விழுமா?"

"விழாதும்மா. விழுந்தாலும் என்னத்தான் கூப்பிடறாங்கன்னு தெரியாது."

அம்மா அடுத்த தட்டை இழுத்தாள். கடைசித் தட்டு முடிந்ததும் எழுந்து சேலையை உதறிக்கொண்டு சொன்னாள்: "திங்கக்கெழம தருமபுரிக்குப் போலாம். நான் வரேன்."


செப்டம்பர் 27, சனி

வீடு முழுக்க அமைதி. இலை வேலை இல்லை, சத்தமும் இல்லை. சந்திரிகையில் புழுக்கள் தங்களைச் சுற்றித் தாங்களே நூல் சுற்றுகின்றன. இன்னும் உள்ளே நிழலாகத் தலை அசைவது தெரிகிறது. நாளைக்குத் தெரியாது.

தூங்கினேன். கனவில் டாக்டர் மேடம் வெள்ளரிக்காய் விற்றார்.


செப்டம்பர் 29, திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை. வத்தல்மலை பாதிதான் தெரிந்தது.

பெரிய ஆஸ்பத்திரி, வெளிநோயாளி சீட்டு, மாடி, நீள நடை. அம்மா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டிருந்தாள், வெயிலே இல்லாத இடத்தில். உட்கார்ந்ததும் எதிர்ப் பெஞ்சில் எங்கள் தெருப் பால் சொசைட்டிக்காரர் மனைவி. அம்மாவின் விரல் என் மணிக்கட்டில் இறுகியது. அந்த அக்காவும் எங்களைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் மூவரும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் நகர்ந்து இடம் விட்டார். "இப்படி ஃபேனுக்குக் கீழ வாங்க. அங்க புழுங்கும்." எதற்கு வந்தீர்கள் என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அம்மாவும் அவரும் மாட்டுத் தீவனம் பற்றிப் பேசினார்கள்.

டாக்டர் சின்ன வயசு. பெங்களூர்க் கடிதத்தைப் பொறுமையாகப் படித்தார், என்னிடம் நிறையக் கேட்டார். பிறகு அம்மாவிடம் திரும்பினார். "சின்ன வயசுல எப்படி இருந்தாங்க? ஸ்கூல் போற வயசுல?"

அம்மா "நல்லாத்தாங்க இருந்தா" என்பாள் என்று நினைத்தேன்.

"ஏரிக்கரையில நின்னுடுவா சார். மூணாவது படிக்கறப்ப. ஸ்கூலுக்குப் போற வழியில தண்ணியப் பாத்தா அப்படியே நின்னுடுவா. நான் பின்னாடியே போவேன். அவளுக்குத் தெரியாது. லாரி வருதா, மாடு வருதான்னு பாத்துக்கிட்டு வேலமரத்துக்கிட்ட நிப்பேன். அவளா நடக்க ஆரம்பிச்சாத்தான் வூட்டுக்குத் திரும்புவேன்."

"எத்தன நாள் இப்படி?"

"அஞ்சாவது முடிக்கற வரைக்குங்க. தெனமும்."

எனக்குத் தெரியாது. ஏரி ஞாபகம் இருக்கிறது, வெள்ளித் தகடு மாதிரித் தண்ணீர், தவளை முட்டை. தனியாக நடந்த நினைவுதான் இருக்கிறது. அதில் எங்குமே அம்மா இல்லை.

"கூப்பிட்டிருக்கலாமே" என்றார் டாக்டர்.

"கூப்ட்டா பயந்துக்குவா. எனக்குத் தெரியுங்க அது." அம்மா மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நானும் நின்னுடுவேன், சின்னதுல. எம் பின்னால யாரும் வரல. ஒரு வாட்டி கெணத்தோரம் நின்னு உள்ள விழுந்துட்டேன். தண்ணி கம்மி, தப்பிச்சேன். மண்டையில ஏறலன்னு ஏழாவதோட நிறுத்திட்டாங்க."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். அம்மா இன்னும் மெதுவாக:

"இது பெரியவங்களுக்கும் இருக்குங்களா?"

"இருக்கலாம்ங்க. உங்களயும் பாக்கட்டுமா?"

"எனக்கெதுக்குங்க. சும்மா கேட்டேன்."

சீட்டு எழுதினார். என் காலை மாத்திரை, கையெழுத்து, முத்திரை. மாதம் ஒரு தடவை இங்கே நேரில். மொரப்பூரிலிருந்து ஒரு பஸ். கல்லூரிக்குப் போகிற அதே வழி. மருந்துக் கடையில் இருப்பு இல்லை, வெள்ளிக்குள் வரவழைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொன்னார்.

பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம். நான் பக்கத்தில். வழி நெடுக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எங்கள் நிறுத்தம் வந்தது. அவளுக்குத் தெரியவில்லை. நான் தோளைத் தொட்டேன்.


அக்டோபர் 1, புதன்

அப்பா கத்தி, கூடை, மருந்தடிக்கும் மெஷின் எல்லாம் கழுவி வைத்துப் பொட்டு வைத்தார். என் கால்குலேட்டருக்கும் ஒரு பொட்டு. பொரி தீர்ந்துவிட்டது. மா. இல்லை. கூட்டைத் தட்டினால் உள்ளே புழு கொட்டை மாதிரி ஆடுகிறது.


அக்டோபர் 3, வெள்ளி

மா. வந்துவிட்டது. கடைக்காரர் பெரிய நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்.


அக்டோபர் 5, ஞாயிறு

காற்று. துணியெல்லாம் கொடியில் ஒரே பக்கம். ரெக்கார்டு நான்கு பக்கம் முடித்தேன். ஞாயிற்றுக்கிழமையும் போடலாமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும், குறித்து வைத்தேன்.

அம்மா அடுப்படியிலிருந்து, என்னைப் பார்க்காமல்: "அந்த டாக்டரு எந்தெந்தக் கெழம இருப்பாரு?"

"திங்கள், புதன், வெள்ளி."

தாளித்தாள். சட்டியில் தண்ணீர் ஊற்றினாள். அடுப்பைத் தணித்தாள்.

"புதன்கெழம எனக்குத் தோட்டத்துல வேல ஒண்ணும் இல்ல" என்றாள்.